நான்காம் சிலிண்டரில் ஒளிந்திருந்த இரண்டு பழுதுகள்: 2001 செவ்ரோலெட் எஸ்-10 பிக்கப்பின் மிஸ்ஃபயர் குறித்த நிகழ்வு ஆய்வு

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் கராஜுக்கு, நவம்பர் மாதத்தின் இரண்டாவது வாரத்தில், 2001ஆம் ஆண்டின் செவ்ரோலெட் எஸ்-10 பிக்கப் ஒன்று வந்து சேர்ந்தது. 4.3 லீட்டர் வி6 எஞ்சின், தானியங்கி கியர், ஓடிய தூரம் 287,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உரிமையாளர் கூரை வேலை செய்பவர். ஏணியையும் பெட்டி பெட்டியாகக் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்படுகிறவர். அந்த வண்டி ஒருநாள் நின்றால் அவருடைய அன்றைய சம்பளமும் நின்றுவிடும். எட்டு மாதங்களுக்கு முன் வேறொரு இடத்தில் ஸ்பார்க் பிளக்குகள், பிளக் வயர்கள், சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் கேப் (மூடி), ரோட்டர் (அதனுள் சுழலும் கை) ஆகியவற்றை மாற்றியிருந்தார். குறை தீராததால் பின்னர், பொறிக்கான மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலும் மாற்றப்பட்டது. அப்படியும் எஞ்சின் மிஸ் அடிப்பது, அதாவது சிலிண்டரில் கலவை எரியத் தவறும் மிஸ்ஃபயர், நிற்கவில்லை. கிராங்க் தண்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டின்) நிலையைக் காட்டும் கிராங்க் சென்சரை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதாகவும், அதை மாற்றித் தரும்படியும் கேட்டுத்தான் என்னிடம் வந்தார்.

சென்சரைப் பிறகு பார்ப்போம், முதலில் குறையைச் சொல்லுங்கள் என்றேன். "மழை பெய்த காலையிலதான் அண்ணை இது தொடங்கும். எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னும், வண்டி குலுங்கும், ஒருநாள் முன்பக்கம் 'பட்' என்று ஒரு சத்தமும் கேட்டது. இருபது நிமிசம் ஓடினால் சரியாகிவிடும்" என்றார். வெயில் நாளில் சிறிதும் குலுங்காதா என்று கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, "சிக்னலில் நிக்கேக்க ஸ்டியரிங்கில ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும், அது கனநாளாக இருக்கு, பழைய வண்டிதானே" என்று சேர்த்துக்கொண்டார். வேலைத்தாளில் அந்த இரண்டாவது வாக்கியத்தையும் எழுதிக்கொண்டேன். பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது, முதல் வாக்கியத்தைவிட அதுவே அதிகம் சொல்லியிருந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது.

எஞ்சினைப் பற்றிச் சில விவரங்கள்

இந்த 4.3 லீட்டர் எஞ்சின், 5.7 லீட்டர் வி8 எஞ்சினிலிருந்து இரண்டு சிலிண்டர்களைக் குறைத்து உருவாக்கப்பட்டது. இரு வரிசைகளுக்கும் இடையே 90 பாகை கோணம் இருந்தாலும், கிராங்க் தண்டின் பின்கள் பிரித்து விலக்கி அமைக்கப்பட்டிருப்பதால் 120 பாகைக்கு ஒருமுறை சீராகவே எரிதல் நடக்கிறது. ஓட்டுநர் பக்க வரிசையில் முன்னிருந்து பின்னாக 1, 3, 5. பயணி பக்க வரிசையில் 2, 4, 6. எரியும் வரிசை 1-6-5-4-3-2. ஓட்டுநர் பக்கத்தை முதல் வரிசை என்றும் மறுபக்கத்தை இரண்டாம் வரிசை என்றும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி கொள்கிறது. ஒவ்வொன்றின் புகைக்குழாயிலும் முன்புறத்தில் தனி ஒட்சிசன் சென்சர் இருக்கிறது.

1996 முதல் இந்த எஞ்சினில் அமைந்த இரண்டு ஏற்பாடுகளைத் தெரிந்துகொள்ளாமல் இதன் மிஸ்ஃபயரை ஆராய முடியாது. முதலாவது டிஸ்ரிபியூட்டர். பார்வைக்குப் பழைய காலத்து டிஸ்ரிபியூட்டர் போலவே இருந்தாலும், பொறி எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. கிராங்க் சென்சரைக் கொண்டு கணினி தீர்மானிக்கிறது. ஒரே காயிலில் உண்டாகும் மின்னழுத்தத்தை ஆறு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நிலையைக் காட்டும் சென்சரைத் தாங்குவதும் மட்டுமே அதன் வேலை. கேப்பின் தலை தட்டையானது. வயர்கள் இரு பக்கமாகவும் பிரிந்து செல்வதற்காக, கேப்பின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே மின்தடங்கள் ஒன்றையொன்று தாண்டிச் செல்கின்றன.

இரண்டாவது, பெற்றோல் தெளிக்கும் அமைப்பு. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக்கின் மேல்மூடிக்குள் நடுவில் ஒரு கட்டை. அதிலிருந்து சிலந்தியின் கால்கள் போல ஆறு நைலான் குழாய்கள் கிளம்பி, ஒவ்வொன்றும் ஒரு சிறிய பாப்பெட் முனையில் முடிகின்றன. திறந்து மூடும் மின்வால்வுகள் நடுக்கட்டையில் இருக்கின்றன. நுனியில் இருப்பது ஸ்பிரிங்கால் இறுக்கிப் பிடிக்கப்பட்ட ஒரு குண்டு மாத்திரமே. பெற்றோலின் அழுத்தம் அந்தக் குண்டைத் தள்ளினால்தான் தெளிப்பு நடக்கும். எனவே இந்த எஞ்சினுக்குப் பெற்றோல் அழுத்தம் மிக முக்கியம். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பிய நிலையில் 60 முதல் 66 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) இருக்க வேண்டும். இது நீண்டகாலம் உழைக்கும் எஞ்சின். கால் நூற்றாண்டு கடந்து, குளிர்காலத்தில் உப்புத் தூவப்படும் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நாம் தேடுவது முதுமையும் பராமரிப்பும் விட்டுச்செல்லும் குறைகளைத்தான்.

ஸ்கேனர் சொன்னதும் சொல்லாததும்

பதிவாகியிருந்த கோடுகள் (பழுதைக் குறிக்கும் குறியீடுகள்) இரண்டு: குறிப்பிட்ட சிலிண்டரைச் சுட்டாமல் மிஸ்ஃபயர் நடப்பதைச் சொல்லும் பி0300, நான்காம் சிலிண்டரைச் சுட்டும் பி0304. கோடு விழுந்த கணத்தின் விவரங்களைப் பார்த்தபோது, குளிர்நீரின் வெப்பம் 31 பாகை செல்சியஸ், வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 1,450 சுற்று. அதாவது வீட்டிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களுக்குள்ளேயே, எஞ்சின் சூடாகுமுன் அது நடந்திருக்கிறது. சேமிப்பிலிருந்த மிஸ்ஃபயர் கணக்கில் நான்காம் சிலிண்டர் முதலிடத்திலும், மூன்றாம் சிலிண்டர் அதற்கு அடுத்தும் இருந்தன. மற்ற நான்கிலும் பெயரளவுக்குச் சில எண்ணிக்கைகளே.

இந்தக் கணக்கை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதில் பலரும் தவறுகிறார்கள். கணினிக்கு நெருப்பும் தெரியாது, பொறியும் தெரியாது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் தண்டு ஒரு கணம் வேகம் பெறுகிறது. அந்த வேகம் எதிர்பார்த்தபடி வராவிட்டால், அந்த முறைக்குரிய சிலிண்டரின் பெயரில் ஓர் எண்ணைக் கூட்டுகிறது. ஆகவே கணக்கு நமக்குத் தருவது தள்ளத் தவறிய சிலிண்டரின் பெயரை மட்டுமே. தவறியதன் காரணம் அதே சிலிண்டரில் இருக்கலாம், பக்கத்து முனையில் இருக்கலாம், கேப்பிலோ வயரிலோ பெற்றோல் குழாயிலோ இருக்கலாம். உரிமையாளர் கேட்டுவந்த கிராங்க் சென்சரை நான் அப்போதே ஒதுக்கிவைத்ததற்கும் இதுவே காரணம். அந்த சென்சர் தடுமாறினால் சுற்று எண்ணிக்கையே விட்டு விட்டு விழும். பழுதும் ஆறு சிலிண்டர்களிலும் சிதறித் தெரியும். நான்கிலும் மூன்றிலும் மட்டும் குவிந்து நிற்காது.

அன்று வெளியே வெயில். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில் ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்றாம் சிலிண்டரின் நடப்புக் கணக்கு பூச்சியத்திலேயே நின்றது. நான்காவது மட்டும் மெல்ல மெல்ல, ஆறு, எட்டு, பதினொன்று என்று ஏறிக்கொண்டிருந்தது. எரிபொருள் திருத்தத்தை, அதாவது ஒட்சிசன் சென்சர் சொல்வதைக் கொண்டு கணினி பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் அளவைப் பார்த்தால், நீண்டகாலத் திருத்தம் முதல் வரிசையில் கூட்டல் 2 சதவீதம், இரண்டாம் வரிசையில் கூட்டல் 15 சதவீதம். எஞ்சினை 2,500 சுற்றுக்கு ஏற்றியபோது இரண்டாம் வரிசையின் எண் 7க்கு இறங்கியது. எரியாத சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஒட்சிசனையும், பெற்றோல் குறைந்த சிலிண்டரிலிருந்து மிஞ்சும் ஒட்சிசனையும் சென்சர் வேறுபடுத்தி அறியாது. இரண்டையும் 'பெற்றோல் போதவில்லை' என்றே அறிவிக்கும். ஆகையால் இந்த 15 சதவீதத்திலிருந்து மட்டும் காரணத்தை முடிவுசெய்ய இயலாது. இருந்தாலும் ஒன்று உறுத்தியது: ஈரக்காலையில் இரு வரிசைகளிலும் ஒவ்வொரு சிலிண்டர் தடுமாறுகிறது, உலர்ந்த வேளையிலோ இரண்டாம் வரிசை மட்டுமே தடுமாறுகிறது.

முதலில் எஞ்சினின் உடல்நிலை

பொறியையும் பெற்றோலையும் தேடுமுன் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அழுத்தத்தை) உறுதிசெய்துகொள்வது என் வழக்கம்; அடைக்காத வால்வு ஒன்று உள்ளே இருந்தால் மேலே எத்தனை பாகங்களை மாற்றினாலும் வீண். பிளக்குகளைக் கழற்றாமல், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை ஸ்கோப்பில் (மின் அலைகளை வரைந்து காட்டும் கருவியில்) பதிந்து பார்த்ததில், ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கும்போது எழும் ஆறு மேடுகளும் ஒரே உயரத்தில் இருந்தன. பிளக்குகளை எப்படியும் பார்க்க வேண்டியிருந்ததால், முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கரக் குழியின் வழியாகக் கையை விட்டு அவற்றை எடுத்து, அளவியும் வைத்துப் பார்த்தேன். வரிசையாக 170, 165, 168, 165, 172, 160 பிஎஸ்ஐ. மிகக் குறைந்தது மிக உயர்ந்ததின் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, எதுவும் 100 பிஎஸ்ஐக்குக் குறையக்கூடாது என்பதே இந்த எஞ்சினுக்கான வரம்பு. இந்த வயதுக்கு இது மிக நல்ல கம்ப்ரஷன்.

பிளக்குகளின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், சரியாக இருந்தது. ஐந்து பிளக்குகளின் மூக்குகள் இளம் பழுப்பு நிறம். நான்காவதன் மூக்கு மட்டும் வெளிறி, ஏறக்குறைய வெண்மையாக இருந்தது. பெற்றோல் குறைவாகக் கிடைக்கும் சிலிண்டரின் பிளக்தான் வழக்கமாக இவ்வாறு வெளிறும். பொறி பாயாத சிலிண்டரில் நனைந்து கறுத்த பிளக்கைத்தான் நான் எதிர்பார்த்திருப்பேன். இதையும் குறித்துக்கொண்டேன்.

கேம் தண்டின் விலகலை ஸ்கேனரில் பார்த்ததில் அது பூச்சியத்தை ஒட்டியே இருந்தது; டிஸ்ரிபியூட்டரின் அடிப்பல்சக்கரம் தேய்ந்திருந்தாலோ, ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலோ அங்கே தெரிந்திருக்கும். இன்டேக்கினுள் புகையைச் செலுத்திப் பார்த்ததில் எங்கும் கசிவு இல்லை. வெளியிலிருந்து காற்றை உறிஞ்சும் ஓட்டை எதுவும் அந்த 15 சதவீதத்துக்குக் காரணமல்ல என்பது இதனால் உறுதியாயிற்று.

மழையைக் கராஜுக்குள் கொண்டுவருதல்

மழை நாளில் மட்டும் வரும் பழுதை வெயில் நாளில் ஆராய வேண்டுமானால் மழையை நாமே உண்டாக்க வேண்டும். விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், தெளிப்பான் போத்தலிலிருந்து பனித்துளி போல மெல்லிய நீரை முதலில் வயர்கள்மீது தெளித்தேன். எதுவும் நடக்கவில்லை. பிறகு டிஸ்ரிபியூட்டரின் கேப்பைச் சுற்றித் தெளித்தபோது, சுமார் இருபது நொடியில் எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. நான்காம் சிலிண்டரின் கணக்கும் மூன்றாம் சிலிண்டரின் கணக்கும் கூடவே ஏறின. உரிமையாளர் சொன்ன அதே 'பட்' என்ற சத்தம் காற்று உறிஞ்சும் குழாயிலிருந்து ஒருமுறை எழுந்தது. காயில் வயரில் கவ்வி மாட்டி ஸ்கோப்பில் பார்த்ததில், மற்ற சிலிண்டர்களுக்குப் பொறி பாய 11, 12 கிலோவோல்ட் தேவைப்பட, நான்காவதன் முறை வரும்போது மட்டும் அது அடிக்கடி 5 கிலோவோல்ட்டுக்கு இறங்கியது. பொறி எங்கோ சுலபமான வழி ஒன்றைக் கண்டுகொண்டு அங்கே பாய்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அந்த வழி எது என்பதை எரியும் வரிசையே காட்டிக்கொடுக்கிறது. 1-6-5-4-3-2 என்ற வரிசையில் நான்குக்குப் பின் மூன்று. கேப்புக்குள் ரோட்டர் நான்காம் முனையைக் கடந்ததும் அடுத்துச் சந்திப்பது மூன்றாம் முனையைத்தான். நான்காம் சிலிண்டருக்கான பொறி மேல்முனைக்கு (பிஸ்டன் எட்டும் உச்சிக்கு) சுமார் 20 பாகை முன்பு தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் மூன்றாம் சிலிண்டர் தன் மேல்முனைக்கு இன்னும் 140 பாகை தொலைவில் நிற்கிறது. பிஸ்டன் அப்போதுதான் மேலேறத் தொடங்கியிருக்கிறது, இன்டேக் வால்வும் இன்னும் முழுமையாக மூடியிருக்காது. நான்காம் சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவை பொறிக்குத் தடையாக நிற்க, மூன்றாம் சிலிண்டரில் அழுத்தமே இல்லை. அழுத்தம் குறைந்த இடத்தில் பொறி பாய்வதற்குக் குறைந்த மின்னழுத்தம் போதும். எனவே கேப்பின் உட்சுவரில் ஈரமான ஒரு பாதை கிடைத்தவுடன் நான்குக்குரிய பொறி மூன்றுக்குப் போய்விடுகிறது. நான்கு எரியாமல் போகிறது. மூன்றில் அகாலத்தில் பற்றிய நெருப்பு, மூடாத வால்வின் வழியாக இன்டேக்குக்குள் திரும்பி வெடிக்கிறது. மூன்றின் உண்மையான முறை வரும்போது எரிய அங்கே எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. இரண்டு சிலிண்டர்களின் கணக்கும் இரண்டு வரிசைகளின் தடுமாற்றமும் அந்தச் சத்தமும் ஒரே விளக்கத்துக்குள் அடங்கிவிட்டன.

கேப்பைக் கழற்றினேன். எட்டு மாதமே ஆன கேப் அது. அலுமினிய முனைகளின்மீது வெண்சாம்பல் நிறத்தில் தூள் பூத்திருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, கேப்பை மெதுவாகத் திருப்பிப் பார்த்தபோது, நான்காம் முனையின் அடியிலிருந்து மூன்றாம் முனையை நோக்கி, கூர்மையான பென்சிலால் இழுத்த கோடு போல ஒரு கரித்தடம் ஓடியது. நேரே பார்த்தால் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மட்டும் மின்னியது. துணியால் துடைத்தால் போகவில்லை, ஏனென்றால் அது ஒட்டிய அழுக்கன்று. பொறி திரும்பத் திரும்ப ஓடிப் பிளாஸ்டிக்கே கரியாகிப்போன தடம். உலர்ந்திருக்கும்போது அதன் தடை போதுமான அளவு இருந்தது. ஈரம் படிந்தவுடன் அது பாதையாகிவிட்டது. இருபது நிமிட ஓட்டத்தில் எஞ்சினின் சூடு கேப்பை உலர்த்தியதும் பழுது மறைந்தது.

புதிய கேப் எட்டு மாதத்தில் ஏன் இந்த நிலைக்கு வந்தது என்ற கேள்விக்கு விடை டிஸ்ரிபியூட்டரின் அடித்தட்டில் இருந்தது. பொறி பாயும்போது காற்று மாறி ஓசோனும் நைதரசன் ஒட்சைட்டுகளும் உண்டாகின்றன. அவை ஈரத்துடன் சேர்ந்தால் அமிலமாகி முனைகளை அரிக்கும். அவற்றை வெளியேற்றுவதற்காகவே அடித்தட்டில் வலை பதித்த சிறு காற்றுத்துளைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வண்டியில் அவை எண்ணெய்ப் பசையும் புழுதியும் இறுகி முற்றாக அடைபட்டிருந்தன. கேப்பை மாற்றியவர் துளைகளைப் பார்க்கவில்லை. பழைய கேப் எதனால் கெட்டதோ அதே மூடிய அறைக்குள்தான் புதிய கேப்பும் வைக்கப்பட்டது. துளைகளைத் திறந்து சுத்தம்செய்து, பித்தளை முனைகள் கொண்ட கேப்பையும் புதிய ரோட்டரையும் பொருத்தினேன். இந்த டிஸ்ரிபியூட்டரில் கேப்பின் திருகுகள் பிளாஸ்டிக்கில் ஏறுபவை. மின்கருவியால் முடுக்கினால் புரி போய்விடும், கையால் மட்டுமே இறுக்க வேண்டும்.

மீண்டும் நீர் தெளித்தேன். பத்து நிமிடம் விடாமல் தெளித்தும் மூன்றாம் சிலிண்டரில் ஓர் எண் கூட ஏறவில்லை, சத்தமும் எழவில்லை. ஸ்கோப்பில் ஆறு கோடுகளும் ஒரே மட்டத்தில் நின்றன.

ஒப்படைத்திருக்கக்கூடிய இடம்

உரிமையாளர் எந்தக் குறைக்காக வந்தாரோ அது தீர்ந்துவிட்டது. மறுநாள் அவருக்கு வேலை இருந்தது. வண்டியைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கும் எழுந்தது. ஆனால் ஸ்கேனரில் நான்காம் சிலிண்டரின் கணக்கு முன்பு போலவே, ஐந்து, ஏழு, பத்து என்று ஊர்ந்துகொண்டிருந்தது; இரண்டாம் வரிசையின் திருத்தம் இன்னும் 14. வெளிறிய பிளக்குக்கும் இதுவரை விளக்கம் இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் இருக்கும் நடுக்கம் என்று அவர் சொன்னது இதைத்தான். கேப்பின் பழுது நான்காம் சிலிண்டரில்தான் வெளிப்பட்டது என்பதால், அதே சிலிண்டரில் ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பழுதை அது இத்தனை நாளும் தன் நிழலில் மறைத்து வைத்திருந்தது. நிலைமையை அவரிடம் விளக்கி, இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். கராஜிலிருந்த மாற்று வண்டியைக் கொடுத்ததால் அவர் வேலை கெடவில்லை.

இனிக் கேள்வி பெற்றோலைப் பற்றியது. சாவியைத் திருப்பியபோது அழுத்தம் 62 பிஎஸ்ஐ. பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தும் 60இல் நின்றது. பம்பும் அழுத்தச் சீராக்கியும் நலம். நான்காம் மின்வால்வுக்குக் கட்டளைத் துடிப்பு போய்ச் சேருகிறது. அதன் மின்தடையும் மற்ற ஐந்தோடு ஒத்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது இன்டேக்கினுள் சிறிதளவு புரொப்பேன் வாயுவைச் செலுத்தினேன்: நான்காம் சிலிண்டரின் கணக்கு உடனே பூச்சியத்துக்கு இறங்கியது, நடுக்கமும் நின்றது. வாயுவை நிறுத்தியதும் இரண்டும் திரும்பி வந்தன. பொறி சரியாக இருக்கிறது, எரிய வேண்டியது போதிய அளவில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எளிமையான இந்தச் சோதனையைப் பலர் மறந்துவிட்டது எனக்கு வருத்தமே.

அடுத்து, ஒவ்வொரு மின்வால்வையும் தனித்தனியே ஸ்கேனர் மூலம் ஒரே கால அளவுக்குத் திறக்கச்செய்து, ஒவ்வொரு முறையும் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தேன். 1 முதல் 6 வரை முறையே 9, 10, 9, 4, 10, 9 பிஎஸ்ஐ. சராசரியிலிருந்து 1.5 பிஎஸ்ஐக்கு மேல் விலகும் எதையும் நான் சந்தேகிப்பேன்; நான்காவது அந்தச் சராசரியில் பாதி கூட எட்டவில்லை. மின்சாரம் சரி, அழுத்தம் சரி, ஆனாலும் பெற்றோல் வெளியேறவில்லை என்றால், அடைப்பு நைலான் குழாயிலோ அதன் நுனியிலுள்ள பாப்பெட் முனையிலோதான் இருக்க முடியும். எஞ்சின் வேகமெடுக்கும்போது இந்தக் குறை சுருங்கியதை, 2,500 சுற்றில் திருத்தம் 7க்கு இறங்கியது முன்பே காட்டியிருந்தது.

இங்கே ஒரு சிக்கனமான முயற்சியைச் செய்து பார்த்தேன். சுத்திகரிப்புத் திரவத்தை அழுத்தத்துடன் நேரடியாகப் பெற்றோல் குழாயில் செலுத்தி, அரைமணி நேரம் எஞ்சினை அதிலேயே ஓட்டினேன். நான்காவதன் இறக்கம் 4இலிருந்து 7க்கு உயர்ந்தது, நடுக்கம் ஏறக்குறைய மறைந்தது. வண்டியை இரவு முழுவதும் வெளியே நிறுத்திவிட்டு மறுநாள் அளந்தால் மீண்டும் 5. இந்த முனைகளில் திரவம் ஓரளவு பிசினைக் கரைக்கும், ஆனால் குண்டும் அதன் இருக்கையும் தேய்ந்து ஒட்டத் தொடங்கிவிட்டால் அதனால் நிலையான பயன் கிடைப்பதில்லை. உரிமையாளரின் பணத்தை அதில் மேலும் செலவிட எனக்கு மனமில்லை.

பெற்றோல் அழுத்தத்தை இறக்கிவிட்டு, இன்டேக்கின் மேல்மூடியைத் திறந்தேன். மூடி பிளாஸ்டிக்கால் ஆனது. திரும்பப் பொருத்தும்போது அதன் திருகுகளுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்கே போதும், கூடினால் வெடித்துவிடும். நான்காவது முனையை மேசையில் வைத்து, மெல்ல மெல்லக் காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். பக்கத்து முனை குறித்த அழுத்தத்தில் 'டிக்' என்று திறந்து, விட்டதும் மூடியது. நான்காவது அந்த அழுத்தத்தில் அசையவில்லை. மேலும் ஏற்றிய பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சீறிக்கொண்டு திறந்தது. உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால் குண்டின் ஓரத்தில் பிறை வடிவில் தேன் நிறப் பிசின் இறுகியிருந்தது.

ஒரு முனையை மட்டும் மாற்றும் வழி இந்த அமைப்பில் இல்லை. ஆறு குழாய்களுடன் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். பழைய இடத்திலேயே பொருந்தும் பிற்கால வடிவம் ஒன்று கிடைக்கிறது. அதில் மின்வால்வுகள் நடுக்கட்டையில் இல்லாமல், ஒவ்வொரு குழாயின் நுனியிலும் இன்ஜெக்டராகவே அமைந்திருக்கின்றன. ஒட்டிக்கொள்ளும் குண்டு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. விலை கூடுதல்தான். இருப்பினும் அடுத்து ஐந்தாவதோ இரண்டாவதோ ஒட்டும்போது மறுபடி இதே மூடியைத் திறக்கும் கூலியோடு ஒப்பிட்டு, உரிமையாளரிடம் இரு வழிகளையும் சொன்னேன். அவர் புதிய வடிவத்தையே தேர்ந்தெடுத்தார்.

சரிபார்ப்பு

பொருத்திய பின் சேமித்த திருத்தங்களை அழித்து, நாற்பது நிமிடம் ஓட்டியதில் நீண்டகாலத் திருத்தம் முதல் வரிசையில் கூட்டல் 2, இரண்டாம் வரிசையில் கூட்டல் 3 என்று நிலைத்தது. ஆறு சிலிண்டர்களின் கணக்கும் பூச்சியம். மின்னும் எஞ்சின் விளக்கு என்பது, எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வேர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்ற எச்சரிக்கை. இந்த வண்டி பல வாரங்கள் அவ்வாறு ஓடியிருந்ததால், முன் ஒட்சிசன் சென்சரின் துளையில் அளவியைப் பொருத்திப் பின்னழுத்தம் பார்த்தேன். 2,500 சுற்றில் 1 பிஎஸ்ஐ. கன்வேர்ட்டர் உருகி அடைபடவில்லை.

ஆனாலும் கராஜுக்குள் தெளித்த நீரை மட்டும் நம்பி ஒப்படைக்க நான் விரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து இரவெல்லாம் மழை. வெப்பம் 3 பாகை. வெளியே நனைந்து நின்ற வண்டியைக் காலை ஐந்தரைக்கு, அவர் புறப்படும் அதே நேரத்தில், குளிர்ந்த எஞ்சினோடு எடுத்து, மார்க்கம் வீதி வழியாக வடக்கே போய் கிங்ஸ்டன் வீதி வழியாகத் திரும்பினேன். ஒவ்வொரு சிக்னலிலும் ஸ்டியரிங்கின்மேல் இரு உள்ளங்கைகளையும் மெல்ல வைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தபோது ஆறு கணக்குகளும் பூச்சியத்தில் இருந்தன.

ஏப்ரலில் எண்ணெய் மாற்ற வந்தபோது கேப்பைத் திறந்து பார்த்தேன். அதற்குக் கூலி எதுவும் எடுக்கவில்லை, எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு முழுக் குளிர்காலத்தின் உப்பும் ஈரமும் கடந்திருந்தன. காற்றுத்துளைகளில் லேசான புழுதி, அதைத் துடைத்தேன். பித்தளை முனைகளில் மெல்லிய கருமை. கைவிளக்கைச் சாய்த்து, நான்குக்கும் மூன்றுக்கும் இடையே மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். சுவர் வழுவழுப்பாக, தடம் எதுவும் இல்லாமல் இருந்தது.